ஓய்வுக்கு வயது எது?
மலேசிய, சிங்கப்பூர்ச் சேமநிதிகளின் வரலாறு கற்பிக்கும் பாடம்

உழைப்பவர் ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்திருக்கின்றனர். இவ்வளவு பொருள் சேர்ந்துவிட்டால் போதும், அதன்பின் எவரிடமும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை என்பது அவர்தம் எண்ணம். நாற்பத்தைந்து வயதிலோ ஐம்பது வயதிலோ வேலையை விட்டுவிட வேண்டும் என்று இக்காலத்து இளைஞர் பலர் திட்டமிடுகின்றனர். அதே வேளையில் வீடு வாங்கவேண்டும், பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும், அவர்களுக்குத் திருமணம் செய்துவைக்க வேண்டும் என்ற எண்ணங்களும் அவர்களை விடவில்லை. இது புதிய காலத்தின் புதிய ஆசை என்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. இம்மண்ணில் தமிழர் காலடி வைத்த நாளிலிருந்தே இந்த ஆசையும் உடன் வந்திருக்கிறது. அது நிறைவேறியவர் சிலர், நிறைவேறாதவர் பலர். ஏன் நிறைவேறவில்லை என்பதை ஆராய்ந்தால், இன்றைய தலைமுறைக்கு வேண்டிய பாடம் அதிலேயே அடங்கியிருப்பது தெரியவரும்.

பழந்தமிழர் ஓய்வுக்கு வயதைக் கொண்டு எல்லை வகுக்கவில்லை. தொல்காப்பியர் கற்பியலில், இல்லற இன்பம் நிறைவுற்ற பின்னர்த் தலைவனும் தலைவியும் மக்களும் சுற்றமும் சூழ அறம் புரிந்து, மேலானதைப் பயிலுதலை வாழ்வின் பயனாகக் கூறுகிறார். அங்கே ஆண்டுக் கணக்கு இல்லை. கடமைக் கணக்கே உண்டு. கடமை முடிந்தவன் ஓய்வுக்கு உரியவன். இதனை முதல் அளவுகோல் எனலாம். கடல் கடந்து வந்த தமிழர் கைக்கொண்டது இரண்டாவது அளவுகோல், அது பொருள். சட்டம் கொண்டுவந்தது மூன்றாவது, அதுவே வயது. இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதிய கதைதான் இவ்விரு நாடுகளின் சேமநிதி வரலாறு.

ஊர் திரும்பும் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கங்காணிமாரால் மலாயாவுக்கு அழைத்துவரப்பட்ட தமிழர், இங்கேயே முதுமையடைய எண்ணி வந்தவர் அல்லர். சில ஆண்டு உழைத்தல், அடகில் இருக்கும் நிலத்தை மீட்டல், இயன்றால் ஒரு காணி வாங்குதல், பிறகு ஊரிலேயே தங்கிவிடுதல் என்பதே அவர்தம் திட்டம். இன்று 'முன்கூட்டிய ஓய்வு' என்று பேசப்படுவதன் வடிவம் இதுவே. வந்தவர்களுள் பெருந்தொகையினர் சில ஆண்டுகளில் திரும்பியும் சென்றனர். ஆயினும் திரும்பியவர் எல்லாரும் காணி வாங்கியவர் அல்லர்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. 1928ஆம் ஆண்டில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் வரையறுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. அரிசியும் துணியும் மருந்தும் போக மிஞ்சியது சிறு தொகை. அதிலும் ஒரு பகுதி ஊருக்கு அனுப்பப்பட்டது. எஞ்சியது நகையாகவும் சீட்டுப் பணமாகவும் நின்றது. நீரிணைக் குடியேற்றங்களில் 1877இலேயே அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டிருந்தது. மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கூட்டுறவு இயக்கம் தோன்றியபின், தோட்டங்களில் தொழிலாளர் சிக்கனச் சங்கங்களும் அமைந்தன. மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தைத் தொழிலாளி ஊர் திரும்பும்போது மொத்தமாகப் பெற்றுக்கொண்டான். சட்டம் வற்புறுத்தாத காலத்திலும் தமிழ்த் தொழிலாளி சேமித்தான் என்பதற்கு இச்சங்கங்களே சான்று. சேமிக்கத் தெரியாதவர் என்று அவர்களைப் பழிப்போர் இதனைக் கருதிப் பார்த்தல் வேண்டும்.

ஆனால் ஊர் திரும்பும் நாளைக் குறிக்கும் உரிமை தொழிலாளியின் கையில் எப்போதும் இருந்ததில்லை. 1930ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியது. ரப்பர் விலை சரிந்தது. 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் அரசாங்க ஏற்பாட்டில் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு வேலை முடிந்தது. ஆனால் திட்டம் முடியவில்லை. பொருள் சேராமல் கிடைத்த ஓய்வு ஓய்வன்று, அது வேலையிழப்பு. 1938இல் உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் தடை செய்தது. அதன்பின் போர் வந்தது. போர் முடிந்தபோது, இங்கே எஞ்சியிருந்தவர்களில் பலருக்குப் பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தனர். அவர்களுக்கு ஊர் என்பது நினைவில் மட்டும் இருந்தது. முதுமை இந்த நாட்டிலேயே கழியப்போகிறது என்ற உண்மை அப்போதுதான் அவர்கள்முன் வந்து நின்றது.

ஐம்பத்தைந்து வந்த வகை

முதுமைக்கு ஒரு வயதைச் சட்டத்தால் குறிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது. 1889இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் இயற்றப்பட்ட முதியோர் ஓய்வூதியச் சட்டம் 70 வயதை எல்லையாக வைத்தது. 1916இல் அது 65 ஆகக் குறைக்கப்பட்டது. மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் அரசாங்க ஊழியருக்கு ஓய்வு வயது 55. நிரந்தரப் பணியாளர் அந்த வயதில் ஓய்வூதியம் பெற்றனர். தனியார் நிறுவனங்களிலும் தோட்டங்களிலும் உழைத்தவர்களுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

இக்குறையை நீக்க 1951இல் மலாயாக் கூட்டரசில் ஊழியர் சேமநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 5 செலுத்த, முதலாளியும் நூற்றுக்கு 5 செலுத்தவேண்டும் என்பது அதன் அடிப்படை. சிங்கப்பூரில் 1953இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி மத்திய சேமநிதி 1955ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அங்கும் தொடக்கத்தில் இருதரப்பும் நூற்றுக்கு 5 வீதமே செலுத்தின. இரண்டிலும் பணம் கைக்கு வரும் வயது 55.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். ஓய்வூதியம் என்பது உயிருள்ளவரை மாதந்தோறும் வருவது. சேமநிதி அவ்வாறன்று. ஒருவர் பெயரில் சேர்ந்த பணமும் அதன் வட்டியும் மட்டுமே அவருக்கு உரியவை. அதிகம் சம்பாதித்தவருக்கு அதிகம். குறைவாகச் சம்பாதித்தவருக்குக் குறைவு. 55 வயதில் முழுத்தொகையும் ஒரே தடவையில் கையில் கொடுக்கப்பட்டது. அது எத்தனை ஆண்டுக்கு வரும் என்ற கேள்வி பெற்றவரின் பொறுப்பாயிற்று.

சட்டம் பிறந்த காலத்தில் அக்கேள்வி அவ்வளவு கூர்மையாகத் தோன்றவில்லை. விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டையொட்டி மலாயாவில் பிறந்த ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 56 ஆண்டு என்று கணக்கிடப்பட்டது. குழந்தை இறப்பு மிகுதியாக இருந்ததால் அந்தச் சராசரி தாழ்ந்திருந்தது என்பது உண்மையே. 55 வயதை எட்டியவர் மேலும் பல்லாண்டு வாழ்ந்தனர். எனினும் இன்று மலேசியாவில் அந்தச் சராசரி 70ஐத் தாண்டிவிட்டது. சிங்கப்பூரில் 80ஐத் தாண்டிவிட்டது. வாழ்நாள் நீண்டது, சட்டத்தின் வயதோ நெடுங்காலம் நின்ற இடத்திலேயே நின்றது. பின்வந்த சிக்கல்களின் வேர்களுள் ஒன்று இதுவாகும்.

லயத்து வீடும் பத்து வெள்ளியும்

தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வு என்பது மற்றவர்க்கு இல்லாத ஒரு துன்பத்தையும் கொண்டுவந்தது. அவன் குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்கு உரியது. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். முப்பதாண்டு ஒரே லயத்தில் வாழ்ந்து, அங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள், மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலையில் இல்லாவிட்டால் 55 வயதில் குடியிருக்க இடம் தேடவேண்டிய நிலை ஏற்பட்டது. எனவே வீடும் முதுமையும் அவர்களுக்கு இரண்டு இலக்குகள் அல்ல, ஒன்றேதான். சேமநிதியின் முழுத்தொகையையும் வீட்டுக்கே செலவிட்டாலும் போதாதவர் பலர்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் இத்துன்பம் பெருகியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட இந்நிகழ்ச்சியை 1951 முதல் 1960 வரையிலான காலத்துக்குப் பேராசிரியர் உங்கு அஸீஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். துண்டாடப்பட்ட தோட்டத்தில் வயது வரும் முன்னரே வேலை போயிற்று. வேலையோடு வீடும் போயிற்று.

அந்நாளில் அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தி 100 வெள்ளிப் பங்கு ஒன்றைப் பெறலாம் என்பது அதன் ஏற்பாடு. தோட்டந்தோட்டமாகச் சென்று அவர் தொழிலாளரிடம் பேசினார். கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர் வேறு பல தோட்டங்களும் சங்கத்தின் உடைமையாயின.

பத்து வெள்ளி சிறு தொகை என்று இன்று தோன்றலாம். அன்றைய தோட்டக் கூலியில் அது பல நாள் உழைப்பு. அந்தப் பணம் முதுமைக்கெனச் சேர்ந்துகொண்டிருந்த சேமநிதியிலிருந்து எடுக்கப்பட்டதன்று. அதற்கு மேலாக, தனியே, தனி நோக்கத்துக்காகச் சேர்க்கப்பட்டது. நிலம் என்னும் இலக்குக்கு நிலத்துக்கென ஒரு பெட்டி. முதுமைக்கு முதுமைக்கென ஒரு பெட்டி. எழுத்தறிவு குறைந்தவர் என்று கருதப்பட்ட தோட்டப் பாட்டாளிகள் இந்த நுட்பத்தைச் செயலில் காட்டினர்.

ஆயினும் எல்லாருக்கும் அது துணையாகவில்லை. குடியுரிமை பெறாதிருந்தவர்களுக்கு 1969ஆம் ஆண்டு முதல் வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. அதனையொட்டிப் பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர் தாயகம் திரும்பினர். தந்தையரின் பழைய கனவு, விரும்பாத வேளையில், விரும்பாத வடிவில் அவர்களிடம் வந்து சேர்ந்தது.

பூட்டைத் திறந்த சாவி

சிங்கப்பூர் வேறொரு வழியில் சென்றது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. 1964இல் வீடுகளை வாடகைக்கு விடுவதோடு நில்லாமல் விற்கும் திட்டமும் தொடங்கப்பட்டது. ஆனால் முன்பணம் கட்டும் வசதி பலரிடம் இல்லை. 1968ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மத்திய சேமநிதியிலுள்ள பணத்தைக் கொண்டு கழக வீடுகளை வாங்கலாம் என்று அனுமதிக்கப்பட்டது. முதுமைக்கெனப் பூட்டப்பட்டிருந்த பெட்டி முதன்முறையாக வாழ்வின் நடுவிலேயே திறக்கப்பட்டது. இன்று சிங்கப்பூர்வாசிகளின் குடும்பங்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது சொந்த வீட்டில் வாழ்வதற்கு அந்தச் சாவியே பெருங்காரணம்.

ஒரு கதவு திறந்தபின் அடுத்தடுத்த கதவுகளும் திறந்தன. 1978இல் பேருந்து நிறுவனப் பங்குகளை வாங்கலாம் என்றாயிற்று. 1981இல் தனியார் வீடுகளும், 1984இல் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்கும், 1989இல் உயர்கல்விக் கட்டணமும் சேர்ந்தன. ஒவ்வொன்றும் நியாயமான தேவையே. அத்தனையும் தாங்குவதற்குச் சந்தாவும் உயர்ந்தது. தொடக்கத்தில் இருதரப்பும் சேர்ந்து நூற்றுக்கு 10 ஆயிருந்த சந்தா 1984இல் நூற்றுக்கு 50 ஆயிற்று. அடுத்த ஆண்டு வந்த பொருளாதாரச் சரிவுக்குப்பின், 1986இல் முதலாளி செலுத்தும் பங்கு 25இலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது.

1984ஆம் ஆண்டு மற்றொரு வகையிலும் நினைவுகூரத்தக்கது. முதியோர் நிலையை ஆராய்ந்த குழு ஒன்று, அன்றைய சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையில், பணம் எடுக்கும் வயதை 55இலிருந்து 60 ஆகவும், பின்னர் 65 ஆகவும் உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் ஆளும் கட்சிக்குக் கிடைத்த வாக்கு முந்திய தேர்தலைவிட நூற்றுக்கு ஏறத்தாழ 13 குறைந்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. மக்கள் சினந்தது ஏன்? 55 என்ற எண்ணைச் சுற்றித் தங்கள் வாழ்வைத் திட்டமிட்டிருந்தனர் என்பதே காரணம். மகளின் திருமணம், கடன் தீர்த்தல், ஒரு சிறு கடை என எத்தனையோ எண்ணங்கள் அந்த நாளுக்காகக் காத்திருந்தன. சட்டம் முதுமைக்கு வைத்த வயதை, மக்கள் கடமைகளை முடிக்கும் வயதாகக் கொண்டிருந்தனர்.

வயது உயர்த்தப்படவில்லை. அதற்கு மாறாக, 1987இல் குறைந்தபட்சத் தொகை என்ற ஏற்பாடு வந்தது. 55 வயதில் பணம் எடுப்பவர் 30,000 வெள்ளியை முதுமைக்கென நிறுத்திவைக்க வேண்டும் என்பது தொடக்க விதி. அத்தொகை பின்னர்ப் பன்மடங்கு உயர்ந்தது. 2009இல் உயிருள்ளவரை மாதந்தோறும் பணம் தரும் திட்டமும் சேர்ந்தது. ஒரே தடவையில் கிடைக்கும் தொகையை நம்பித் தொடங்கிய சேமநிதி, அரை நூற்றாண்டுக்குப்பின் ஓய்வூதியத்தின் இயல்பை நோக்கித் திரும்பியிருக்கிறது.

சிங்கப்பூர் விதிகளுள் ஒன்று சிறப்பாகக் கருதத்தக்கது. சேமநிதிப் பணத்தால் வாங்கிய வீட்டை விற்றால், எடுத்த தொகையை மட்டுமன்றி, அது நிதியிலேயே இருந்திருந்தால் எவ்வளவு வட்டி ஈட்டியிருக்குமோ அதனையும் சேர்த்துத் தம் கணக்கில் திரும்பச் செலுத்துதல் வேண்டும். வீட்டுக்காக எடுத்த பணம் ஒருவர் தம் முதுமையிடமிருந்து வாங்கிய கடன் என்பதே இவ்விதியின் பொருள்.

மூன்று கணக்குகள்

மலேசியாவிலும் பூட்டு சிறிது சிறிதாகத் திறந்தது. 1994இல் ஒவ்வோர் உறுப்பினரின் சேமிப்பும் மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டது. நூற்றுக்கு 60 முதுமைக்கு; 30 வீடு முதலியவற்றுக்கு; 10 மருத்துவத்துக்கு. 2007இல் இவை 70, 30 என இரண்டாக்கப்பட்டன. வீடு, கல்வி, மருத்துவம் ஆகிய தேவைகளும் 50 வயதில் எடுக்கும் உரிமையும் இரண்டாம் கணக்கைச் சார்ந்தன. இதற்கிடையில் சந்தாவும் படிப்படியாக உயர்ந்து, ஊழியருக்கு நூற்றுக்கு 11, முதலாளிக்கு 12 அல்லது 13 என்ற அளவை எட்டியது. அரசாங்க ஊழியரின் ஓய்வு வயது 2001இல் 56, 2008இல் 58, 2012இல் 60 என ஏறியது. 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆயிற்று. சேமநிதியை எடுக்கும் வயதோ 55 ஆகவே இருந்தது. இதனால் வேலையை விடும் வயதும் பணம் பெறும் வயதும் முதன்முறையாகப் பிரிந்தன.

பெருஞ்சோதனை கோவிட் தொற்றுக் காலத்தில் வந்தது. 2020 முதல் 2022 வரை நான்கு திட்டங்களின் வழி உறுப்பினர்கள் தம் சேமிப்பிலிருந்து எடுத்த தொகை 145 பில்லியன் வெள்ளி. வேலையும் வருமானமும் இழந்த குடும்பங்களுக்கு அது உயிர் காத்த பணம். எடுத்தவரைக் குறைகூறுதல் தகாது. ஆனால் முதுமைக்கான பெட்டி பலருக்கு ஏறத்தாழக் காலியாயிற்று. 2024ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் மூன்று கணக்குகள் அமைக்கப்பட்டன. புதிதாக வரும் சந்தாவில் நூற்றுக்கு 75 முதுமைக்கும், 15 வாழ்வின் இலக்குகளுக்கும், 10 எப்போது வேண்டுமானாலும் எடுப்பதற்கும் என வகுக்கப்பட்டது. சட்டம் எழுபதாண்டு கடந்து கற்ற பாடம், அன்று தோட்டப் பாட்டாளி பத்து வெள்ளியைத் தனியே எடுத்துவைத்து உணர்த்திய பாடமே ஆகும்.

வகுப்பறைக் கணக்கு ஒன்று

தனித்தனிப் பெட்டிகள் ஏன் வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒருவர் 25 வயதிலிருந்து ஆண்டுக்கு 3,600 வெள்ளி, அதாவது மாதம் 300 வெள்ளி, முதுமைக்கெனச் சேமிக்கிறார் என்று கொள்க. ஆண்டு வட்டி நூற்றுக்கு 5 என்றும், வட்டிக்கு வட்டி உண்டு என்றும் கொள்க. 55 வயதில் அவர் கணக்கில் ஏறத்தாழ 239,000 வெள்ளி இருக்கும். 2019இல் மலேசிய ஊழியர் சேமநிதி 55 வயதில் இருக்கவேண்டிய அடிப்படைச் சேமிப்பாகக் குறித்த 240,000 வெள்ளிக்கு இது மிக அண்மையது. மாதம் 1,000 வெள்ளி வீதம் இருபது ஆண்டுக்கு என்பதே அக்குறிப்பின் அடிப்படை.

அவரே 45 வயதில் வேலையை விட்டுவிட்டால் கணக்கில் இருப்பது ஏறத்தாழ 119,000 வெள்ளி. பத்தாண்டு முந்தினால் பாதி. அந்தப் பாதியைக் கொண்டு இருபதாண்டுக்குப் பதில் முப்பதாண்டு வாழவேண்டும். இது இயலாத காரியம் என்றே தோன்றும்.

ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை. 45 வயதில் வேலையை விட்டவர் அந்தத் தொகையைத் தொடாமல் பத்தாண்டு விட்டுவைத்தால், ஒரு காசும் புதிதாகச் செலுத்தாமலே 55 வயதில் அது ஏறத்தாழ 194,000 வெள்ளியாகும். முழுக்காலமும் செலுத்தியவரைவிடக் குறைவு 45,000 வெள்ளி மட்டுமே. இதனால் விளங்குவது யாது? முன்கூட்டியே ஓய்வு பெறுவோரைப் பெரிதும் வாட்டுவது சந்தா நின்றுபோவதன்று. முதுமைப் பணத்தில் முன்கூட்டியே கைவைப்பதே.

மற்றொரு புறமும் உண்டு. அதே மனிதர் 35 வயதில் வீட்டு முன்பணத்துக்காக அந்தப் பெட்டியிலிருந்து 30,000 வெள்ளி எடுத்தால், 55 வயதில் குறைவது 30,000 அன்று. ஏறத்தாழ 80,000 வெள்ளி. வாழ்வின் பெரிய இலக்குகள் பெரும்பாலும் இளமையிலும் நடுவயதிலுமே வருகின்றன. வட்டி மிகுதியாக விளையக்கூடிய பணமும் இளமையில் சேர்த்த பணமே. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால், விதைநெல்லை எடுத்துச் சமைத்த கதையாகும்.

எனவே முன்கூட்டிய ஓய்வை நாடுவோர்க்கு மூன்று பெட்டிகள் வேண்டும். சட்டம் காக்கும் முதுமைப் பெட்டி ஒன்று, அதனைத் தொடலாகாது. வீடு, கல்வி, திருமணம் ஆகிய இலக்குகளுக்கு அவ்வவற்றின் காலம் அறிந்து சேர்க்கும் பெட்டி மற்றொன்று. வேலையை விடும் நாளுக்கும் முதுமைப் பெட்டி திறக்கும் நாளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைக் கடக்கும் பாலமாக மூன்றாவது பெட்டி. மாதம் 1,000 வெள்ளியில் வாழ்பவருக்குப் பத்தாண்டுப் பாலத்தின் நீளம் 120,000 வெள்ளி. விலைவாசி ஏறினால் அதனினும் மிகுதி. இந்த மூன்றாவது பெட்டி இல்லாதவர் முதற்பெட்டியை உடைப்பார். மந்தக் காலத்தில் கப்பலேறியவர்களும், துண்டாடலில் வீடிழந்தவர்களும், தொற்றுக்காலத்தில் சேமிப்பைக் கரைத்தவர்களும் அறிவில்லாதவர் அல்லர். இடைக்காலத்தைக் கடக்கும் பாலம் அவர்களுக்கு இல்லை. அது அமையும் அளவுக்குக் கூலி பலருக்கு என்றும் கிடைத்ததில்லை.

இவ்வுண்மையை மறைத்துச் சிக்கனத்தை மட்டும் போதித்தல் நேர்மையன்று. மாதம் 300 வெள்ளி மிஞ்சாத குடும்பத்துக்கு மூன்று பெட்டி என்பது வெறும் சொல். சேமநிதியின் அளவு சம்பளத்தின் அளவே ஆதலின், குறைந்த கூலியின் குறை முதுமையிலும் தொடர்கிறது. ஆதலால் கூலியைப் பற்றிய கேள்வியும் ஓய்வைப் பற்றிய கேள்வியும் ஒன்றே. இலக்குகளை முடித்து, விரும்பிய வயதில் ஓய்வு கொள்ளும் உரிமை சிலருக்கு மட்டும் உரியதாக இருத்தலாகாது எனில், இரண்டையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. வட்டிக்கு வட்டி என்ற கணக்கை மாணவர் தேர்வுக்காகப் படித்து மறந்துவிடுகின்றனர். அக்கணக்கில் வரும் பெயரில்லாத மனிதரின் இடத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்துக்காகப் பத்து வெள்ளி கட்டியவரை நிறுத்திக் கற்பித்தால், கணக்கும் வரலாறும் ஒருங்கே மனத்தில் பதியும். 55 என்பதும் 60 என்பதும் சட்டம் எழுதிய எண்கள். சட்டம் மாற்றினால் மாறுபவை. தம் கடமைகளை எண்ணி, அவற்றுக்குரிய காலத்தைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சேர்த்தவருக்கே ஓய்வு வயதைத் தாமே குறிக்கும் உரிமை வாய்க்கிறது. இதனைப் பள்ளிப் பருவத்திலேயே அறிந்துகொள்ளும் தலைமுறை, தந்தையரும் பாட்டன்மாரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.